‘ஹைப்ரிட்’ ஹாட் டப் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் இங்கிலாந்துக் குளிர். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். நடுவில் மரத்தொட்டி, அதில் கழுத்தளவு வெந்நீர், மேலே ஆவி. இன்ஸ்டாவில் இப்படியொரு ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு. ரெடிங், ஸ்லவ், மில்டன் கீன்ஸ் பக்கம் வேலைக்குப் போய், வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறிய நம்ம ஐ.டி. ஆட்கள் பலருக்கு அடுத்த ஆசை இதுதான்: தோட்டத்தில் ஒரு ஹாட் டப்.

கூகுள் பண்ணினால் முதலில் கண்ணில் படும் வார்த்தை ‘ஹைப்ரிட்’. கார் மாதிரியே இதுவும் சிக்கனமானது போல என்று நினைத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இந்தச் சந்தையில் ‘ஹைப்ரிட்’ என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறு வேறு பொருட்களை விற்கிறார்கள். எது உங்களுக்குச் சரிப்படும் என்பது பொருளைவிட உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. மாதத்தில் எத்தனை ராத்திரி நிஜமாகவே அதில் இறங்கப் போகிறீர்கள்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி பட்ஜெட் தானாகவே முடிவாகிவிடும்.

(எனக்கு லண்டனும் இல்லை, தோட்டமும் இல்லை என்பவர்கள் உடனே போய்விட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கும், மொட்டை மாடியில் ஒன்று வைத்தால் என்ன என்று யோசிப்பவர்களுக்கும் கடைசியில் விஷயம் இருக்கிறது.)

எது ‘ஹைப்ரிட்’?

முதல் வகை, சுவரால் ஹைப்ரிட். காற்றடிக்கும் தொட்டிக்கும் கெட்டியான அக்ரிலிக் தொட்டிக்கும் நடுவில் வருவது. காற்றுக்குப் பதிலாகத் தடிமனான ஃபோம் சுவர். பஞ்சர் பயம் கிடையாது, வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். பல நூறு பவுண்டில் ஆரம்பித்து ஆயிரத்துச் சொச்சம் வரை போகும். சூடாக்குவது மின்சாரம் மட்டும்தான்.

இரண்டாவது, அடுப்பால் ஹைப்ரிட். பின்லாந்து, ஸ்வீடன் பக்கத்து விறகுத் தொட்டிதான் இதன் மூலம். ஒரு பக்கம் விறகு அடுப்பு. இன்னொரு பக்கம் மின் ஹீட்டர், பம்ப், ஃபில்டர். பெரும்பாலானவர்கள் ‘ஹைப்ரிட் ஹாட் டப்’ என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது இதைத்தான். நாலு பேர் உட்காரும் அளவுக்குச் சுமார் 4,000 முதல் 7,000 பவுண்ட் வரை விலை சொல்வார்கள்.

மூன்றாவது, மின் ஹீட்டரோடு ஹீட் பம்ப் சேர்ந்தது. ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். கடுங்குளிரில் அந்தப் பலன் குறையும். அப்போது கை கொடுக்கத்தான் சாதா ஹீட்டர்.

இவை தவிர ‘ஜக்குஸி’ என்று தனியாக ஒரு வகை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. அது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியச் சகோதரர்களின் குடும்பப் பெயர், பிறகு கம்பெனிப் பெயர். நாம் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி, பிராண்ட் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

சூடாக்க எவ்வளவு ஆகும்?

இங்கேதான் விளம்பரங்கள் மென்று முழுங்கும். ஆனால் இது பிளஸ் ஒன் இயற்பியல். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். பிராண்ட் எதுவானாலும் இது மாறாது.

குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உட்கார 38 டிகிரி வேண்டும். 28 டிகிரி ஏற்றணும். ஆக, சுமார் 33 யூனிட். பிரிட்டனில் ஒரு யூனிட் ஏறக்குறைய 25 பென்ஸ் என்று கணக்குப் போட்டால் எட்டு பவுண்டுக்கு மேல். ஏறும்போதே கொஞ்சம் சூடு வெளியேயும் போகும் என்பதால் பத்து பவுண்ட் என்று வையுங்கள்.

காசைவிடப் பெரிய பிரச்னை நேரம். அங்கே சுவரில் உள்ள சாதாரண 13 ஆம்ப் பிளக்கில் அதிகபட்சம் 3 கிலோவாட்தான் இழுக்க முடியும். 33 யூனிட்டை மூன்றால் வகுத்தால் 11 மணி நேரம். குளிரில் இன்னும் கூடும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து ஸ்விட்ச் போட்டால், சனிக்கிழமை காலையில்தான் இறங்கலாம்.

விறகு அடுப்பு அதையே இரண்டரை, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் அளவுக்குச் சூடு உண்டு. அதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 கிலோ விறகு பிடிக்கும் என்று வையுங்கள். கடையில் கிலோ 40, 50 பென்ஸுக்கு வாங்கினால் அதுவும் எட்டு, பத்து பவுண்டில்தான் வந்து நிற்கிறது!

அதாவது, ‘விறகு மலிவு’ என்பது விறகு சும்மா கிடைப்பவருக்கு மட்டும்தான் உண்மை. காசு கொடுத்து வாங்குபவருக்கு விறகில் கிடைக்கும் லாபம் பணமில்லை, நேரம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

விறகு வாங்கும்போது இன்னொன்று. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்கணும். பச்சை விறகை வைத்தால் என்ன ஆகும் என்று விறகடுப்பு ஊதிய நம்ம பாட்டிகளைக் கேட்டாலே தெரியும். தண்ணீர் சூடாவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் சூடாகிவிடுவார். புகைத் தொல்லை என்று அவர் கவுன்சிலில் புகார் கொடுத்தால் அவர்கள் நடவடிக்கை எடுக்க முடியும். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் விறகுத் தொட்டி வாங்குவதற்கு முன் இதை யோசித்தே ஆகணும்.

பிடித்து வைப்பதா, அணைத்து வைப்பதா?

சூடேற்றுவது ஒரு செலவு. ஏறிய சூட்டை ஆறாமல் பிடித்து வைப்பது இன்னொரு செலவு. மாத பில்லை முடிவு செய்வது இந்த இரண்டாவதுதான்.

ஒரு எடுத்துக்காட்டு. இன்சுலேஷன் நன்றாக இருக்கும் தொட்டி, குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 6 யூனிட் சூட்டை இழக்கிறது என்று வைப்போம். நாளுக்கு ஒன்றரை பவுண்ட், மாதம் 45 பவுண்ட். அதுவே மெல்லிய சுவர் கொண்ட காற்றுத் தொட்டியாக இருந்து 15 யூனிட் இழந்தால், மாதம் 110 பவுண்டைத் தாண்டும். வாங்கும்போது மிச்சம் பிடித்த ஆயிரம் பவுண்ட், இரண்டு மூன்று குளிர்காலத்தில் கரண்ட் பில்லாகப் போய்விடும்.

இப்போது அந்த நேர்மையான பதிலை எடுங்கள். மாதம் இரண்டே தடவை இறங்குகிறவர், முப்பது நாளும் 38 டிகிரியில் பிடித்து வைத்தால் ஒரு குளியலுக்கு 22 பவுண்டுக்கு மேல் விழும். தேவைப்படும்போது மட்டும் சூடாக்கினால் பத்து. வாரத்துக்கு நாலு நாள் இறங்குகிறவர் பிடித்தே வைத்தாலும் ஒரு தடவைக்கு மூன்று பவுண்டுகூட ஆகாது. நினைத்த நேரத்தில் இறங்கவும் செய்யலாம்.

எப்போதாவது இறங்குகிறவருக்கு விறகும், தினமும் இறங்குகிறவருக்கு நல்ல இன்சுலேஷன் உள்ள மின் தொட்டியும் சரி. ஹீட் பம்ப் லாபம் தருவதும் இந்தத் தினசரி ஆளுக்குத்தான். 6 யூனிட் செலவாகும் இடத்தில் இரண்டு, மூன்று யூனிட்தான் ஆகும் என்றால் குளிர்காலத்தில் நாளுக்கு ஒரு பவுண்டுக்குப் பக்கத்தில் மிச்சம். மாதம் இரண்டு தடவை இறங்குகிறவர் ஹீட் பம்புக்குப் போட்ட காசு திரும்பி வரவே வராது.

அப்போ விறகு, மின்சாரம் இரண்டும் சேர்ந்த ஹைப்ரிட் யாருக்கு? வீக்எண்ட் ஆட்களுக்கு. வெள்ளி மாலை மூன்று மணி நேரம் அடுப்பு எரிந்து சூடு ஏறும். அதன்பின் ஞாயிறு ராத்திரி வரை மின் ஹீட்டர் ஆறாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மூன்று, நாலு பவுண்ட் போதும். இந்தப் பழக்கம் உங்களுடையதாக இல்லையென்றால், இரண்டு சாதனத்துக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் உபயோகிப்பீர்கள். பலருடைய விறகு அடுப்பு முதல் வருஷத்தோடு அலங்காரப் பொருளாகிவிடுவது இப்படித்தான்.

மூடிதான் ஹீரோ

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துப் போகிறது. ஹாட் டப்பிலும் அதேதான் நடக்கிறது, நமக்கு எதிராக. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் சுமார் 0.67 யூனிட் சூடும் கூடவே போகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி அரை டிகிரிக்கு மேல் ஆறிவிடும். ரீல்ஸில் அழகாகத் தெரியும் அந்த ஆவி, உண்மையில் உங்கள் கரண்ட் பில்.

அதனால் பட்ஜெட் இடிக்கிறதா? எல்.இ.டி. லைட்டை வெட்டுங்கள், ஸ்பீக்கரை வெட்டுங்கள், ஜெட்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூடியை மட்டும் வெட்டாதீர்கள். தடிமனான ஃபோம் மூடி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் உட்காரணும், பூட்டு இருக்கணும். சில வருஷத்தில் ஃபோம் நீர் ஊறிக் கனக்க ஆரம்பிக்கும். அப்போது மாற்றியே ஆகணும். அதற்கும் சில நூறு பவுண்ட் ஒதுக்கி வையுங்கள்.

பூட்டு எதற்கு? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். தொட்டி ஒரு 150 கிலோ, நாலு பேர் ஒரு 280 கிலோ. மொத்தம் 1,400 கிலோவைத் தாண்டுகிறது. சின்ன காரை ஆட்களோடு நிறுத்துவதைவிட அதிகம். புல்தரை மேல் வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே ஒரு பக்கம் இறங்கும், தொட்டி சாயும், பிளம்பிங் இணைப்பில் கசிவு வரும். கான்கிரீட் தளமோ, நன்றாகக் கெட்டித்த தரைமேல் சமமாகப் பதித்த ஸ்லாபோ கட்டாயம்.

அடுத்து மின்சாரம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வேலையை முடிக்கும் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. ஈரக் கையும் மின்சாரமும் அரையடி தூரத்தில் இருக்கும் இடம் இது. 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.டி. பாதுகாப்பு இருக்கணும். 3 கிலோவாட்டுக்கு மேல் போனால் தனி சர்க்யூட். அது இங்கிலாந்தில் ‘பார்ட் பி’ கட்டட விதிக்குள் வரும், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் கொடுக்கணும். வீடு விற்கும்போது அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

பிறகு, தொட்டி தோட்டத்துக்கு எப்படிப் போகும்? பக்கவாட்டுப் பாதையின் அகலத்தை டேப் வைத்து அளந்தீர்களா? வரிசை வீடுகளில் அந்தப் பாதையே கிடையாது. கூரைக்கு மேலே கிரேனில் தூக்கி இறக்கணும், அதன் வாடகையும் உங்கள் தலையில். ஃபோம் சுவர் ஹைப்ரிட்டுக்கும், பலகை பலகையாக வந்து அங்கேயே பூட்டும் மரத்தொட்டிக்கும் இந்தத் தலைவலி இல்லை.

என் கணிப்பில், விலைச்சீட்டில் உள்ள தொகையோடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதுதான் பாதுகாப்பு. உங்கள் மொத்த பட்ஜெட் 6,000 பவுண்ட் என்றால், 4,500 பவுண்ட் தொட்டிக்கு மேல் பார்க்கவே வேண்டாம். மாதச் செலவு தனி: கரண்ட் அல்லது விறகு, குளோரின், ஃபில்டர், சில மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுவது.

அடுப்புள்ள வகையில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘அடுப்பு எந்த ஸ்டீல்?’ ஃபில்டரும் குளோரினும் போட்டுத் தண்ணீரை வாரக்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட 316 தான் குளோரினைத் தாங்கும். விலை கூட. ஆனால் ஓட்டை விழுந்த அடுப்பை மாற்றுவது அதைவிடக் கூட.

சூடு, கிருமி, கவனம்

தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகவே கூடாது. இது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு. மின் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். விறகு அடுப்புக்கு அந்தப் புத்தி கிடையாது. கடைசி அரை மணி நேரம் விறகு வைப்பதை நிறுத்தி, துடுப்பால் தண்ணீரை நன்றாகக் கலக்கி, பிறகுதான் தெர்மாமீட்டரைப் பார்க்கணும். மேலே கொதிக்கும், கீழே ஜில்லென்று இருக்கும். தண்ணீர் நிரம்பாமல் அடுப்பைப் பற்றவைத்தால் அடுப்பே கருகும்.

கர்ப்பிணிகள் ஹாட் டப்பைத் தவிர்ப்பது நல்லது என்பது பிரிட்டனின் என்.ஹெச்.எஸ். அறிவுரை. இதயக் கோளாறு, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஆசையாக உட்கார வைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். கையில் பீர் கிளாஸ் வேண்டவே வேண்டாம். சூட்டில் ரத்த அழுத்தம் ஏற்கனவே இறங்கியிருக்கும், எழுந்திருக்கும்போது தலை சுற்றும்.

கிருமி விஷயம் பலர் நினைப்பதைவிடப் பெரிசு. ‘லெஜியோனெல்லா’ என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் செழித்து வளரும். ஹாட் டப் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு. குமிழிகள் உடையும்போது பறக்கும் நுண்துளிகளைச் சுவாசித்தாலே நுரையீரலுக்குப் போய்விடும். 1999இல் நெதர்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்திருந்த ஹாட் டப்பிலிருந்து இது பரவியது. சுமார் 30 பேர் இறந்தார்கள். அவர்கள் தொட்டியில் இறங்கவே இல்லை, பக்கத்தில் நடந்து போனவர்கள்.

குளோரின் குறைந்தது 3 பிபிஎம், பிஹெச் அளவு 7.0 முதல் 7.8 வரை. இதுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லும் கணக்கு. சோதிக்கும் பட்டை மலிவு. இறங்கும் முன் ஒவ்வொரு தடவையும் முக்கிப் பாருங்கள். ஃபில்டரே இல்லாத விறகுத் தொட்டி என்றால், உபயோகித்த தண்ணீரை வைத்திருக்காமல் வடித்துவிடுவதுதான் முறை.

சரி, நம்ம ஊரில்?

மே மாதச் சென்னையில் மதியம் குழாயைத் திறந்தால் ஹாட் டப் இலவசமாகவே வருகிறது! ஆனாலும் மொட்டை மாடியில் ஒன்று வைக்கலாமா என்ற கேள்வி வருகிறது. அதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875இல் பதில் இருக்கிறது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்ற அடிப்படையில் வடிவமைப்பார்கள். நாம் மேலே போட்ட அந்த 1,400 கிலோ, ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஐந்து மடங்கு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மாடியில் ஏற்றவே கூடாது. ‘மேஸ்திரி தாங்கும்னு சொன்னாரு’ என்பது கணக்கில் வராது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் ஹீட்டரில் பாறை படிவது வேறு.

ஊட்டி, கொடைக்கானல் ரிசார்ட்டில் ஹாட் டப் உள்ள அறையை புக் பண்ணுகிறவர்கள் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தண்ணீரைப் பற்றிக் கவலைப்படணும். உங்களுக்கு முன் தங்கியவர்கள் போன பிறகு தண்ணீர் மாற்றினார்களா, குளோரின் அளவை யார், எப்போது பார்த்தார்கள் என்று ரிசப்ஷனில் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். தொட்டியின் உள்சுவரைத் தடவினால் வழவழவென்று இருந்தாலோ, தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தாலோ இறங்காதீர்கள். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தாலும் சுத்தம் என்று அர்த்தமில்லை; வியர்வை, அழுக்கோடு குளோரின் கலந்து செலவாகிவிட்டதன் அறிகுறி அது. பதில் சொல்ல அவர்கள் இழுத்தால், அறையில் இருக்கும் கீசரையும் பக்கெட்டையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.